பன்னிரண்டு மில்லிமீட்டர்

"உங்க வீடு பன்னிரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கு."

எஞ்சினியர் ரிஃப்அத், தன் முன்னால் வைத்த தேநீரைத் தொடவில்லை. ஷெஹாத்தாவின் வாயில் பேரீச்சம்பழம் பாதியில் நின்றது.

"யார் சொன்னா, பாஷா?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"ரேடார். எழுநூறு கிலோமீட்டர் உயரத்துல செயற்கைக்கோள்ல இருக்கு. மேகம், புழுதி, இருட்டு எதுவும் அதுக்குத் தடையில்ல."

ஒரு படத்தைக் காட்டினார். சாம்பல் நிறப் புள்ளிகள். நடுவில் கறுப்பாக ஒரு குழி.

ஷெஹாத்தாவுக்கு வியர்த்தது. சமையலறைப் பாய்க்கு அடியில் இருப்பதும் அதே வடிவம்தான். எகிப்தின் பழைய ஃபாரோ மன்னர்கள் புதைத்த தங்கத்துக்காக எட்டு மாதமாகத் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறான். கிடைத்தது ஓர் உடைந்த ஜாடியும் முதுகுவலியும். பிடிபட்டால் சிறை நிச்சயம். தெருவில் பல வீடுகளில் இப்படி ஒரு பாய் உண்டு.

உள்ளே போய் ஓர் உறையோடு வந்தான்.

"எடுத்த இடத்துலயே வைங்க. லஞ்சம் வாங்கற கை இல்ல இது. பன்னிரண்டு நாள்ல செயற்கைக்கோள் மறுபடி வரும். அப்பவும் பள்ளம் தெரிஞ்சா போலீஸோட வருவேன்."

"தெரியலைன்னா?"

"ரேடார் தப்புன்னு எழுதிட்டுப் போயிடுவேன்."

அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.

குழியை மூட மணல் வேண்டும். தோண்டிய மண் கால்வாயோடு போய்விட்டது. ஊரைச் சுற்றிப் பாலைவனம். லாரி மட்டும் அப்துல் மவ்லா ஒருவரிடம்தான். மூன்று மடங்கு விலை சொன்னார்.

"பாலைவனத்துல மணலுக்கு விலையா?"

"அப்ப தலையில சுமந்துக்கோ, மாப்ள."

ஷெஹாத்தாவுக்கு முன்னால் பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் குளியலறை கட்டுகிறார்களாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் எஞ்சினியர் வந்தார். "பள்ளத்தைக் காணோம். ரேடார் தப்புதான்."

"அந்தப் படம், பாஷா... சாட்சியா இருக்குமே..."

சிரித்தபடி கொடுத்துவிட்டுப் போனார். நேர்மையான மனிதர்.

ஷெஹாத்தா அடுப்பை மூட்டினான். வேலை முடிந்து வந்த மனைவி பஹிய்யா படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். பிரசவ ஆஸ்பத்திரியில் இருபது வருட நர்ஸ் அவள். மூலையில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.

"பாவி மனுஷா! மணல் லாரி அப்துல் மவ்லா பொண்டாட்டி வயித்துல இருக்கற புள்ளைய ஏன்யா அடுப்புல போடற?"