பிறந்தது எத்தனை, இருப்பது எத்தனை

சாலைத் துறை கொடுத்த பாரத்தில், கல்லறைகளின் எண்ணிக்கை கேட்கும் கட்டத்தில் வெர்னா 7 என்று எழுதியிருந்தாள். கையெழுத்துதான் பாக்கி.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், மலைச்சரிவில் இருக்கும் அவர்களுடைய குடும்ப இடுகாட்டின் மேல் நாலுவழிச் சாலை வரப்போகிறது. பாரத்தில் இருக்கும் கல்லறைகள் ஊர்ச் சர்ச்சின் பின்பக்கத்துக்கு மாறும். பாரத்தில் இல்லாதவை தாருக்கு அடியில் போகும்.

பாரம் அவள் தம்பி டுவைட்டின் பிக்கப் வண்டி பானட் மேல் கிடந்தது. தோண்டும் இயந்திரத்தை அணைக்காமல் ஒப்பந்தக்காரர் ராய்ஸ் காத்திருந்தார். டீசல் அவர் காசு போலிருக்கிறது, அடிக்கடி இவர்கள் பக்கம் பார்த்தார்.

எண்ணிக்கையில் வெர்னாவுக்குச் சந்தேகமே இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு, பதினோரு வருடம் அவள் செய்த ஒரே வேலை நாலு தலைமுறைக்கு முந்தைய பாட்டி பெர்மீலியாவைத் தேடி அலைந்ததுதான். கோர்ட் பதிவேடு, சர்ச் புத்தகம், மக்கள்தொகைக் கணக்கு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

அந்தக் காலத்துக் கணக்கெடுப்பில் தாய்மார்களைப் பற்றி இரண்டு கேள்விகள் இருந்தன. பிறந்தது எத்தனை, இருப்பது எத்தனை. 1900-ல் பெர்மீலியாவின் பெயருக்கு நேராக ஒன்பது, நான்கு என்று இருந்தது.

ஆக, ஐந்து போய்விட்டன. அவள் புருஷன் ஹைரமின் கல்லறையை ஒட்டி வரிசையாக ஐந்து சின்னக் கற்கள். வயலில் பொறுக்கி நட்டவை, பெயர் கிடையாது. ஐந்து பிள்ளைகள், தாய், தகப்பன். கச்சிதமாக ஏழு.

இன்று காலை பக்கத்து மாவட்ட நூலகத்திலிருந்து அவள் ஃபோனுக்கு ஒரு படம் வந்திருந்தது. 1910 கணக்கெடுப்பின் தாள். இத்தனை வருடமாக அதை ஹைரமின் குடும்பப் பெயரில் தேடிக்கொண்டிருந்தாள். பெர்மீலியா கடைசிக் காலத்தை மகள் வீட்டில் கழித்திருக்கிறாள். மருமகனின் பெயருக்குக் கீழே, மாமியார் என்று பதிவாகியிருந்தாள்.

பேனாவைப் பிடித்தபடியே வெர்னா படத்தைப் பெரிதாக்கினாள்.

பத்து. நான்கு.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றான் டுவைட்.

"பத்துன்னு சொல்லியிருக்காடா."

"எழுதுன ஆளு தப்பா எழுதியிருப்பான். 1900-லயே அவளுக்கு நாப்பத்தெட்டு வயசு. அதுக்கப்புறம் ஒண்ணு பெத்திருக்கவா போறா? போடுக்கா கையெழுத்த."

அவன் சொல்வதும் நியாயம்தான். அதற்கப்புறம் பெற்றிருக்க முடியாது. அதற்கு முன்னால் பெற்றிருக்கலாம்.

யார் பதில் சொன்னார்கள் என்று தாளில் எழுதும் வழக்கம் அப்போது இல்லை. ஆனால் ஹைரம் இருந்தவரை வாசலுக்கு வந்த அந்நியரிடம் பேசியது ஹைரம் மட்டும்தான். குடும்பத்தில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். 1910-ல் ஹைரம் செத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு கேள்விகளும் முதல்முறையாக பெர்மீலியாவிடமே போயிருக்கின்றன.

ஒன்றை ஹைரம் ஏன் எண்ணவில்லை என்பதற்குத் தாள் எதுவும் இல்லை.

வெர்னா 7-ஐ அடித்துவிட்டு 8 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ராய்ஸ் பாரத்தை வாங்கிப் பார்த்தார். "கல்லு ஏழுதானேம்மா இருக்கு? எட்டாவது எங்கன்னு காட்டுனாத்தான் நான் தோண்ட முடியும்."

வெர்னா வரிசையைப் பார்த்தாள். ஹைரம், அவருக்குப் பக்கத்தில் ஐந்து பிள்ளைகள். பெர்மீலியா அந்த வரிசையில் இல்லை. நாற்பதடி தள்ளி, வேலியோரத்துப் புல்வெளியில் தனியாகக் கிடந்தாள். அங்கேதான் வைக்க வேண்டும் என்று சாகும்போது பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

செத்தும் புருஷனோடு ஒட்டாத பிடிவாதக்காரி என்று ஊரே சொன்னது. கோடையில் குடும்பம் கூடும்போதெல்லாம் வெர்னாவே அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறாள். இப்போது அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அவ பக்கத்துல பாருங்க," என்றாள். "அங்க மெஷின் வேணாம். மண்வெட்டி போதும்."