துண்டுக்கடியில் ஒரு விரல்

சிதம்பரத்து விடுதி அறையில் இருப்பவர்கள் முதலாளி கனகசபாபதி, மருமகள் பிரீதா, கடலூரிலிருந்து தொழிலில் பங்கு சேர வந்திருக்கும் சம்பந்தி சிவசுப்ரமணியன் ஆகிய மூவர்தான். விடுதியின் இணையதளத்தை யார், எங்கிருந்து பார்க்கிறார்கள் என்று காட்டும் ‘டேக்’ என்ற சிறு நிரலைப் பிரீதா பொருத்தி முடிக்கிறாள். திரையில் வெறும் வரைபடம். “வெளிநாட்டுலேருந்துலாம் பாக்குறாங்கன்னீங்களே, சம்பந்தி?” என்கிறார் சிவசுப்ரமணியன். கனகசபாபதியின் நெற்றியில் விபூதி வியர்வையில் கரைகிறது. மடியிலிருக்கும் துண்டுக்கடியில் கட்டைவிரல் போனைத் தடவுகிறது. வரைபடத்தில் சிதம்பரத்தின் மேல் நீலப் புள்ளி ஒன்று எழுகிறது. “வந்துட்டாங்க பாத்தியாம்மா,” என்கிறார் நிமிர்ந்து. பிரீதா திரும்பாமலே, “அது உங்க போனு மாமா. மாடல்கூடக் காட்டுது,” என்கிறாள். துண்டு விலகி, மடியில் போன் வெளிச்சமாகக் கிடக்கிறது. சிவசுப்ரமணியன் சண்டை போட்டுவிட்டுப் போனதாகப் பிறகு ஊரில் பேச்சு. சண்டையே இல்லை. “இனிமே நானும் தெனம் பாக்குறேன், சம்பந்தி,” என்று தோளைத் தட்டிவிட்டுத்தான் போகிறார்.