யாருடைய டூட்டி?

"சாரே, நாளைக்கு எனக்குக் காலையா, சாயங்காலமா?"

விரித்துக் காட்டிய சேலையை மடித்தபடி கேட்டாள் லிஜி. திருச்சூரின் அந்த ஜவுளிக்கடையில் மேனேஜர் பிஜோய் தலையைத் தூக்கவில்லை.

"எட்டு மணிக்கு வாட்ஸ்அப்ல வரும்."

"இப்பவே ஏன் சொல்ல முடியலைன்னு கேக்கறேன். நாளைக்குச் சாயங்காலம் மோளுக்குப் பேச்சுப் பயிற்சி. போன தடவையே போக முடியலை. இந்தத் தடவையும் போகலைன்னா இடத்தை வேற குழந்தைக்குக் கொடுத்துடுவாங்க. மூணு வயசாகியும் 'அம்மே'ன்னு கூப்பிடலை சாரே."

பிஜோய் அடுத்த பில்லைப் புரட்டினான்.

"எங்களை இப்படித் தொங்க விடறதுல என்ன சுகமோ!"

"சுகமா? என் பெண்டாட்டி டின்ஸி நர்ஸ். அவளுக்குக் காலை டூட்டின்னா காலையில நான் குழந்தையோட வீட்டுல இருக்கணும். நான் இல்லாதப்போ கல்லாவுக்கு நீதானே? அவ டூட்டி தெரிஞ்சாத்தான் உன் டூட்டி. எட்டு வரைக்கும் பார்ப்பேன். தெரியலைன்னா ஏதோ ஒண்ணைப் போட்டு அனுப்பிடுவேன்."

லிஜியிடம் கோபம் இருந்த இடத்தில் இப்போது ஆவல் வந்து உட்கார்ந்தது.

"அவங்களுக்கு ஏன் தெரியலை?"

"தலைமை நர்ஸ் சாயங்காலம் வந்தா இவளுக்குக் காலை. அந்தம்மாவுக்கும் கைக்குழந்தை. அதைப் பார்த்துக்கறவ வருவாளா மாட்டாளான்னு சொல்லவே இருட்டிடுமாம்."

"அவளுக்கு என்ன கேடாம்?"

"யாரு கண்டா? அவளுக்கு மேல யாராவது மகாராணி இருப்பா."

பேருந்தில் நின்றுகொண்டே வந்த லிஜிக்கு, முகம் தெரியாத அந்த மகாராணியின் மேல்தான் நினைவெல்லாம். அவளை ஒருமுறை பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

வீட்டில் மாமியார் மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் சில சாயங்காலங்களில் ஒரு ஃபிளாட்டுக்குக் குழந்தை பார்த்துக்கொள்ளப் போவாள். யார் வீடு என்று லிஜி கேட்டதில்லை.

மாமியாரின் போன் அடித்தது.

"கையெல்லாம் செதில். ஸ்பீக்கர்ல போடு மோளே."

"அம்மச்சீ, நாளைக்குச் சாயங்காலம் வருவீங்களா? வார்டுக்கு டூட்டி போடணும். டின்ஸின்னு ஒருத்தி கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கறா."

"கொஞ்சம் பொறு சிஸ்டரே. மருமகளுக்குச் சாயங்காலம்னா நான் பேத்தியோட இருக்கணும். அவ டூட்டி இன்னும் வரலை."

லிஜி போனைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"ஹலோ? அம்மச்சீ?"

"மருமகதான் பேசறேன் சிஸ்டர். எனக்கு நாளைக்குக் காலை டூட்டி. சாயங்காலம் அம்மச்சி வருவாங்க."

"வந்துடுச்சா? எப்போ?" என்றாள் மாமியார்.

குழம்பு கொதிப்பதற்குள் வாட்ஸ்அப் வந்தது: 'லிஜி - காலை.'