கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு கால்

"விலையைச் சொல்லு சார். சும்மா ரூல்ஸ் பேசிக்கினு இருக்காத."

துளசிங்கம் போட்ட சத்தத்தில் கூடுவாஞ்சேரி மார்க்கெட்டே அவருடைய பாத்திரக் கடைப் பக்கம் திரும்பியது.

பேராசிரியர் ஸ்ரீநிவாசராகவன் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இது விக்கிற பொருள் இல்லைங்க. ஆராய்ச்சிக்காகக் கொடுத்தது. ட்ரையல் முடிஞ்சுது, திரும்ப எடுத்துக்கறோம். அன்னிக்கே சொல்லித்தானே மாட்டினோம்?"

சொன்னார்கள்தான். யார் காதில் விழுந்தது?

துளசிங்கத்தின் மனைவி கங்கையம்மாளுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கால் வெறும் கட்டை. அதை இழுத்து இழுத்து அலுத்துப்போய் கட்டிலோடு கிடந்தவளைத் தேடித்தான், வண்டலூர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து இந்தப் பேராசிரியரும், ஆராய்ச்சி மாணவி மிருதுளாவும் வந்தார்கள்.

அவர்கள் மாட்டிவிட்ட காலில், மேலே ஒரு ரப்பர் உறை, கணுக்காலுக்குள் ஒரு குட்டி மோட்டார். அடியெடுத்து வைத்தால் தானே மடங்கும், தானே உந்தித் தள்ளும். அடிக்கு அடி 'விர்'ரென்று வண்டு மாதிரி ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் வந்த பிறகுதான் கங்கையம்மாள் மறுபடி மனுஷியானாள். ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கினாள். கடையில் நின்று, புருஷனை நாலு பேர் எதிரில் அதட்டினாள். அது துளசிங்கத்துக்குப் பிடித்திருந்தது.

"எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுவ சார்? வேற யாருக்காச்சும் மாட்டுவேன்னு சொல்லு, நானே கழட்டிக் குடுக்கிறேன்."

பேராசிரியர் கொஞ்சம் பெருமையாகவே விஷயத்தைச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் புதுக் கட்டடம் திறக்கிறார்கள். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் காலை வைக்கப்போகிறார்கள். பக்கத்திலேயே கங்கையம்மாள் சிரிக்கிற போட்டோவும் இருக்குமாம்.

துளசிங்கத்துக்கு ரத்தம் தலைக்கேறியது.

பிளாட்பாரத்தில் சாக்கு விரித்து அலுமினியப் பாத்திரம் விற்று மேலே வந்த மனுஷன். தீப்பெட்டியைக்கூடப் பேரம் பேசாமல் வாங்கமாட்டார். அப்பேர்ப்பட்டவர், நீயே ஒரு விலை சொல்லு, குறைச்சுக் கேட்டா என்னைச் செருப்பால அடி என்கிற அளவுக்கு இறங்கிப் பார்த்துவிட்டார். விலையே கிடையாது என்கிற ஆளிடம் என்னவென்று பேரம் பேசுவது?

மிருதுளாவைப் பார்த்தார். வாராவாரம் அளவெடுக்க வந்த பெண். 'அண்ணா அண்ணா' என்று கங்கையம்மாள் போட்ட சோற்றைத் தின்றபடி, சரக்குப் பிடிக்கிற தொழில் ரகசியம் எல்லாவற்றையும் அவரிடம் கேட்டுக்கேட்டுச் சிரித்தவள். அவளாவது ஒரு வார்த்தை பேசமாட்டாளா?

"ரூல்னா ரூல்தான் சார்" என்றாள் மிருதுளா.

இன்றைக்கு 'சார்' ஆகிவிட்டார்.

பரணில் கிடந்த கட்டைக்காலைத் தூசி தட்டி வாங்கிக்கொண்டு, கங்கையம்மாளைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது கையில் ஜிப் போட்ட கறுப்புப் பை.

"எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துடறேன்" என்று பேராசிரியர் ஜிப்பில் கை வைத்தார்.

அவ்வளவுதான், மிருதுளா பொரிந்து தள்ளிவிட்டாள்.

"பார்க்கறதுக்கு என்ன சார் இருக்கு? மேல கீறல் விழாத இடமே இல்ல. ஓசியில வந்த பொருளோட அருமை இவங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

துளசிங்கம் வாழ்க்கையில் பொறுத்துக்கொள்ளாத ஒரே வார்த்தை அது.

"யாரைப் பார்த்து ஓசின்ற?"

ஒரு அண்டா மூடி பறந்துபோய்த் தெருவில் உருண்டது. கூட்டம் கூடியது. எவனோ செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தான். பல்கலைக்கழகத்தின் பெயர் எழுதிய கார் எதிரிலேயே நிற்கிறது. பேராசிரியர் பையை விட்டுவிட்டு, மானம் போகுது வாம்மா என்று காருக்குள் புகுந்துகொண்டார்.

மிருதுளா பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். தின்ன சோத்துக்காவது நன்றி வேணாமா என்று துளசிங்கம் தொண்டை கிழியக் கத்தினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கார் போய்விட்டது. எல்லாம் படிச்ச திமிரு என்றார் பூக்கடைக்காரர். கூட்டம் கலைந்தது.

துளசிங்கத்துக்கு உள்ளே போகத் தைரியம் இல்லை. கட்டைக்காலோடு உட்கார்ந்திருப்பவளை எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது? ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பின்னறையிலிருந்து 'விர்'.

மறுபடியும் 'விர்'.

கண்ணைத் திறந்தால் கங்கையம்மாள் எதிரில் நிற்கிறாள், கையில் சார்ஜரோடு.

"இன்னாய்யா அப்டிப் பாக்கிற? அந்தப் பொண்ணு மேலுறையை மட்டும் கழட்டிக் கட்டைக்கு மாட்டி எடுத்துக்கினு போயிருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்கிற காலு நடக்கவா போவுதுன்னு கேட்டுச்சு."

துளசிங்கம் தெருவில் கிடந்த அண்டா மூடியையே பார்த்தார்.

"மாட்டிக்கினா அதுக்குப் படிப்பே போயிடும்யா. வேணாம்னு அழுதேன், கேக்கல. உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுச்சு. சரக்கு கை மாறிட்டா, நல்லாத் திட்டிட்டு, திரும்பிப் பாக்காம நடையைக் கட்டணும்னு அண்ணன்தான் கத்துக் குடுத்தாராம்."