வயர் வச்சதே போதும்

"வயர் வச்சதே குடுங்கண்ணே" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னாள் பிளெஸ்ஸி.

கீரனூர் செல்போன் கடையில் சோலையப்பன் பரப்பி வைத்திருந்த வயர்லெஸ் ஹெட்போன்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவற்றில் இருப்பதிலேயே விலை கூடிய ஒன்றை அவளுடைய அப்பா ஆரோக்கியதாஸ் ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டார். ஆவூர்க்காரர், தமிழ் வாத்தியார்.

"கல்யாணப் பொண்ணு, கழுத்துல வயரைத் தொங்கவிட்டுக்கிட்டுத் திரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனப்பாங்க? நல்லதா எடும்மா."

"மாப்பிள்ளைய நீங்க எடுத்தீங்க. ஹெட்போனையாச்சும் நான் எடுத்துக்கிறேம்ப்பா."

சோலையப்பன் சட்டென்று குனிந்து, இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்தான்.

மகள் மனதில் வேறொருவன் இருப்பது வாத்தியாருக்குத் தெரியும். அவளே நேருக்கு நேர் நின்று சொன்னாள். "பேரைச் சொல்லாத, அது என் காதுல விழவே கூடாது" என்று கத்தியவர், அன்றைக்கே அவள் சிம்மைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார். வீட்டு வைஃபையும் போயிற்று.

கையோடு கனடா மாப்பிள்ளையைப் பேசி முடித்தார். வருகிற ஞாயிறு பூசையில் முதல் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சாமியார் ஊர் முன்னால் வாசித்துவிட்டால், பிறகு பின்வாங்குவது லேசில்லை. அதற்குள் மகள் முகம் கொஞ்சம் தெளியட்டும் என்றுதான் இந்தத் தாஜா. பெண்ணின் வாயை அடைக்க, காதில் எதையாவது மாட்டிவிட்டால் போதும் என்று நினைத்த புத்திசாலி.

"வயருன்னா சிக்கும் தங்கச்சி. ஆறு மாசத்துல ஒரு பக்கம் செத்துரும்" என்றான் சோலையப்பன்.

"ஆறு மாசம் எதுக்குண்ணே? இந்த வாரம் ஓடுனாப் போதும்."

அவன் வயரைத் தன் போனில் செருகி ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். அவள் பாட்டைக் கேட்கவில்லை. வயரை உருவித் தன் போனில் செருகி, இரைச்சலுக்குள் எதையோ தேடிக் கொஞ்ச நேரம் கேட்டாள். "ம், எடுக்குது" என்று சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாகப் பத்து நிமிடம்.

விலை குறைந்ததை எடுத்துக்கொண்டதால் மகள் இறங்கி வந்துவிட்டாள் என்று வாத்தியாருக்கு நிம்மதி.

ஆவூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் பிளெஸ்ஸி வயரை மாட்டிக்கொண்டாள். இரண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் வாத்தியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சிம்மும் இல்ல, நெட்டும் இல்ல. அப்புறம் என்னத்தக் கேக்குற?"

"எஃப்.எம்.ப்பா. திருச்சி ஸ்டேஷன். வயரைச் செருகினாத்தான் எடுக்கும். அதுதான் ஏரியல்."

வாத்தியார் முகம் மலர்ந்தது. ரேடியோ கேட்டு எந்தப் பிள்ளை கெட்டுப்போயிருக்கிறது?

"இந்தாங்க, நீங்களும் கேளுங்க." ஒரு பக்கத்தைக் கழற்றி நீட்டினாள். அவர் வாங்கும்வரை நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை.

காதில் வைத்தார். ஓர் இளைஞன் அவசரமில்லாமல் பேசிக்கொண்டிருந்தான். "வழியெல்லாம் அடைத்துவிட்டார்களே என்று அழ வேண்டாம். விழித்திருங்கள். அடுத்த பாட்டு உங்களுக்காக."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு 'ழ' வராது என்று முப்பது வருடமாகத் தலையில் அடித்துக்கொள்கிறவர் அவர். கண்ணை மூடி ரசித்தார். பாட்டு ஆரம்பித்த பிறகும் அந்தக் குரலை விட மனமில்லை.

"என்னா தமிழு! இப்படி ஒரு பிள்ளையப் பெத்தவங்க குடுத்து வச்சவங்க. யாரும்மா இந்தத் தம்பி, பேரு என்ன?"

பிளெஸ்ஸி அப்பாவின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"நிலவழகன். ஞாயித்துக்கெழமை ஓலையில அந்தப் பேரைத்தாம்ப்பா வாசிக்கணும்."