பூட்டு

ரம்மி ஆடும் போனைத் தானே திறக்க முடியாதபடி, மனைவி சுகந்தியின் கட்டைவிரலை அதற்குப் பூட்டாக வைத்தவன் மோகன்ராஜ்தான். "நான் கால்ல விழுந்தாக்கூட தொறக்காத" என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான். மறுவாரமே காலில் விழுந்தான். சாப்பிடாமல் சுருண்டு கிடந்தான். அவள் விரலை வைத்தாள். அதற்குப் பிறகு தோற்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "நீ தொறக்காம இருந்திருந்தா நான் தோத்திருப்பேனாடி?" அழுவதற்குக்கூட அவளுக்கு அலுத்துவிட்டது.

இன்று காய் நறுக்கும்போது அந்த விரலையே ஆழமாக வெட்டிக்கொண்டாள். சுற்றியிருந்த துணியைப் பார்த்ததும் அவன் பதறி வந்து, அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"ரொம்ப வலிக்குதா?"

அவன் இப்படிக் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. அவள் தலையாட்டினாள். பூட்டிக் கிடந்த போனை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மெல்ல ஊதியபடியே, துணியை அவிழ்க்கத் தொடங்கினான்.