துரையின் உள்ளங்கை

தமிழ்கூறும் நல்லுலகுக்கு இதனால் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் ஊர் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு லண்டனிலிருந்தே ஓர் ஆங்கில ஆசிரியர் இறக்குமதி செய்யப்பட்டார். ஹாரிஸன் துரை ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி, திருப்பிச் சொல்லும்படி கெஞ்சுவார். ஏழாம் வகுப்பு வாயே திறக்காது. ஆனாலும் அடிக்க மாட்டேன் என்றார்.

"ஒரு மாசத்துல பிள்ளைங்க பேசலன்னா ஊருக்கு டிக்கெட் போட்டுருவேன்" என்று தாளாளர் கெடு வைத்தார்.

கெடு முடிந்த அன்று, பெற்றோர் வகுப்பறைக்கே வந்துவிட்டார்கள். மரக்கடை சுடலைமுத்து பிரம்போடு எழுந்தார். "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிங்கன்னு சொல்லித்தானய்யா சேத்தோம்? அடிக்கத் தெரியலன்னா நான் காட்டித் தாரேன். கைய நீட்டுங்க சார்."

துரை மரியாதைக்காக நீட்டினார். முதல் அடியில் உள்ளங்கை தடித்தது. இரண்டாவதில் பிளந்து, ரத்தம் கரும்பலகை வரைக்கும் தெறித்தது.

"ஸ்டாப் இட்! ஐ பெக் யூ!" என்று அலறினார்.

"ஸ்டாப் இட்! ஐ பெக் யூ!" என்றது வகுப்பு முழுவதும், அதே லண்டன் உச்சரிப்பில்.

தாளாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னொன்னு போடுங்கண்ணே, அடுத்த வரியும் வரட்டும்."

துரையின் ஒப்பந்தம் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.